எம்.எஸ். தகட்டில் சிலேன் கலப்பினப் பூச்சு: கீறல் ஓரத்தில் ஏன் உரிகிறது?

தகடுமணி:

எல்லோருக்கும் வணக்கம். சென்னைப் புறநகரில் ஒரு சின்ன பெயின்ட் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். ஆய்வுப் பிரிவு என்றால் நான், ஒரு ஃப்யூம் ஹூட், ஒரு ஓவன், அவ்வளவுதான். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் எம்.எஸ்., அதாவது மைல்ட் ஸ்டீல், தகட்டில் மின்சாதனப் பெட்டிகள் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். இப்போது பாஸ்பேட் போட்டு, குரோமேட்டில் ஒரு கழுவு கழுவி, அதன் மேல் எபாக்சி பிரைமர் அடிக்கிறார்கள். அந்தக் குரோமேட்டில் இருக்கும் ஹெக்சாவேலன்ட் குரோமியம் துளியும் கூடாது என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு மாற்றாகக் கரிமமும் கனிமமும் கலந்த சிலேன் (சிலிக்கான் சேர்மம்) பூச்சு ஒன்றைச் செய்து தா என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

செய்முறை இதுதான். டெட்ராஎத்தாக்சிசிலேன், அதாவது நாம் டியோஸ் என்பது, ஒரு பங்கு. எபாக்சி வளையம் உள்ள கிளைசிடாக்சி சிலேன், ஜி.பி.டி.எம்.எஸ்., இரண்டு பங்கு. எத்தனால், தண்ணீர், பி.எச். 3 வரும் அளவுக்கு நைட்ரிக் அமிலம். ஒரு இரவு கலக்கிவிட்டு, தகட்டை முக்கி எடுத்து, 120 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைக்கிறேன். மூன்று நான்கு மைக்ரான் கனம் வருகிறது.

அலுமினியத்தில் அருமையாக நிற்கிறது. எம்.எஸ்.ஸில் வேறு கதை. பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் லேசான மஞ்சள் சாயல். நடுவில் ஒரு கீறல் போட்டு சால்ட் ஸ்ப்ரேயில், அதாவது உப்புநீர் தெளிக்கும் சோதனைப் பெட்டியில், வைத்தால் கீறலின் இரு ஓரமும் உரிந்து வருகிறது. கீறாத இடத்திலும் ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள். என்ன பார்க்கலாம்?

செல்வி_சோல்ஜெல்:

முதலில் அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்கிறேன், பாதி பதில் அதில் இருக்கிறது. அது பூச்சின் நிறம் இல்லை, இரும்பின் நிறம். பி.எச். 3-ல் தண்ணீர் நிறைய உள்ள கரைசலில் எம்.எஸ். தகட்டை முக்கினால், படலம் காய்வதற்குள் அமிலம் தகட்டைக் கொஞ்சம் தின்றுவிடும். கரைந்த இரும்பு அயனி படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு மேலே நிலையான ஆக்சைடு இருப்பதால் அது தாக்குப் பிடிக்கிறது. எம்.எஸ்.ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்புறம் சில கேள்விகள்:

சிலிக்கான் ஒரு மோலுக்கு எத்தனை மோல் தண்ணீர்? தகட்டை எதனால் சுத்தம் செய்கிறீர்கள்? எபாக்சி வளையத்தைத் திறக்க ஏதாவது போடுகிறீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். நைட்ரிக் அமிலமும் 120 டிகிரியும் மட்டும் இருந்தால் வளையங்களில் கணிசமான பங்கு திறக்காமலே நின்றுவிடும். அப்போது உங்களிடம் இருப்பது பெயரளவில்தான் கலப்பினம். கனிம வலை மட்டும் உருவாகியிருக்கும், கரிமக் கை ஒன்றையொன்று பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு அமீன் ஹார்ட்னர் போடுங்கள், இல்லையென்றால் சிர்கோனியம் புரோப்பாக்சைடு கொஞ்சம். சிர்கோனியம் தானும் வலையில் சேரும், வளையத்தையும் திறந்துவிடும்.

தகடுமணி:

மேடம், நன்றி. தண்ணீர் நான்கு மோல் போடுகிறேன். சுத்தம் செய்வது எமரி தாள், அப்புறம் அசிட்டோன். வளையத்துக்குத் தனியாக எதுவும் போடவில்லை.

பழைய இன்ஸ்பெக்டர்:

தம்பி, நான் வேதியியல் படித்தவன் இல்லை. வளைகுடாவில் டேங்க், பைப்லைன், கடல் மேடை என்று பெயின்டிங் இன்ஸ்பெக்‌ஷனிலேயே தலை நரைத்தவன். எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. எங்கள் வேலையில் இரும்பை எஸ்.ஏ. இரண்டரை என்ற சுத்தத் தரம் வரைக்கும் பிளாஸ்டிங் செய்து, 50 முதல் 75 மைக்ரான் ஆழத்துக்குச் சொரசொரப்பு எடுப்போம். அதன் மேல் மூன்று கோட்டாக 250, 300 மைக்ரான் ஏற்றுவோம். நீ மூன்று மைக்ரானில் இரும்பைக் காப்பாற்றப் போகிறேன் என்கிறாய். முள்வேலி மேல் மல் துணி போர்த்துகிற மாதிரி இருக்கிறது. முள்முனை எல்லாம் வெளியேதானே நிற்கும்?

இன்னொன்று. இந்த டியோஸ் உங்களுக்கு வேண்டுமானால் ஆய்வகச் சமாசாரமாக இருக்கலாம். எங்களுக்கு அது பழைய சரக்கு. ஜிங்க் சிலிகேட் பிரைமர் என்று ஒன்று இருக்கிறதே, அதன் பைண்டரே எத்தில் சிலிகேட்தான், அதாவது உங்கள் டியோஸ். மற்ற பெயின்ட் எல்லாம் ஈரம் என்றால் ஓடும், இது ஈரத்தைக் கேட்கும். காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காயாது. பாலைவனத்தில் பெயின்ட் அடித்த டேங்குக்குச் சுற்றி நின்று தண்ணீர் தெளித்திருக்கிறோம். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். காய்ந்ததா என்று பார்க்க எம்.இ.கே. என்ற கரைப்பானில் நனைத்த துணியால் 50 முறை முன்னும் பின்னும் தேய்ப்போம். துணியில் ஜிங்க் வராவிட்டால்தான் அடுத்த கோட்.

அதையும் கனமாக அடித்துவிட்டால் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி வெடித்துவிடும். மட் கிராக்கிங் என்போம்.

செல்வி_சோல்ஜெல்:

அண்ணே, வேதியியல் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு கரைசல் ஜெல்லாகி இறுகும் சோல்-ஜெல் பாடம் மொத்தத்தையும் நடத்திவிட்டீர்கள். உங்கள் ஜிங்க் சிலிகேட்டும் தகடுமணி செய்வதும் ஒரே வினைதான். சிலிக்கானில் தொங்கும் எத்தாக்சியைத் தண்ணீர் வெட்டும், அந்த இடத்தில் சைலனால் (சிலிக்கானில் ஒட்டிய ஓ.எச்.) வரும், இரண்டு சைலனால் சேர்ந்து தண்ணீரைக் கழற்றிவிட்டு சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பாலம் போடும். நீங்கள் காற்றிலிருந்து தண்ணீர் எடுத்தீர்கள், இவர் குடுவையில் ஊற்றுகிறார்.

அந்த வெடிப்புக்குத்தான் கரிமப் பகுதி தேவைப்படுகிறது. சுத்தமான சிலிக்கா படலம் காயும்போது சுருங்கும். சுமார் ஒரு மைக்ரானைத் தாண்டினால் பெரும்பாலும் வெடித்துவிடும். ஒரு கை கரிமமாக இருக்கும் சிலேனைக் கலந்தால் வலை கொஞ்சம் வளைந்துகொடுக்கும், பத்து மைக்ரானுக்கு மேலும் போகலாம். ஜெர்மனியில் ஹெல்முட் ஷ்மிட்டும் அவரோடு இருந்தவர்களும் 1980-களில் ஆர்மோசில், ஆர்மோசர் என்று இந்த வகைப் பொருட்களை வளர்த்தெடுத்தார்கள். நம் நாட்டில் ஹைதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தில் சோல்-ஜெல் பூச்சுக்கென்றே தனி மையம் இருக்கிறது.

முள்வேலிக் கணக்கு சரியான கணக்கு. எமரி போட்ட தகட்டிலேயே மேடுபள்ளம் ஒன்றிரண்டு மைக்ரான் இருக்கும், ஆழமான கோடுகள் அதற்கும் மேல். மேட்டின் உச்சியில் உங்கள் மூன்று மைக்ரான் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. ஊசிமுனைத் துரு வருவது அங்கேதான் என்று நினைக்கிறேன். பூதக்கண்ணாடியில் பாருங்கள், புள்ளிகள் எமரிக் கோட்டை ஒட்டி வரிசையாக இருக்கும்.

தகடுமணி:

பார்த்தேன். வரிசையாகத்தான் இருக்கின்றன.

ராம்நாட்_ரவி:

ஒரு இடைச்செருகல். எங்கள் ஊர்ப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்களே, அதற்குப் பூசியிருப்பது பாலிசிலாக்சேன், அதாவது சிலிக்கான்–ஆக்சிஜன் சங்கிலி உள்ள பெயின்ட், என்றுதான் ரயில்வே சொன்னது. அதுவும் கலப்பினம்தானே? இந்தக் கடலில் அது நிற்கும் என்றால் இவர் தகட்டில் ஏன் நிற்காது? 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை ஓய்ந்ததே இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனையில் துரு எட்டிப் பார்க்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பழைய இன்ஸ்பெக்டர்:

ரவி, அங்கே பாலிசிலாக்சேன் மேல்சட்டைதான். அடியில் இரும்பின் மேல் ஜிங்க்கை உருக்கித் தெளித்திருக்கிறார்கள், அதன் மேல் எபாக்சி சீலர், அதற்கும் மேலேதான் பாலிசிலாக்சேன். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து காப்பாற்றுவது ஜிங்க். வெயிலை வாங்கிக்கொள்வது பாலிசிலாக்சேன். எபாக்சியை மட்டும் வெயிலில் விட்டால் ஒரு கோடையிலேயே சுண்ணாம்பு பூத்துவிடும், கையால் தடவினால் வெள்ளையாக ஒட்டும்.

ஆனால் பாலிசிலாக்சேனையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். வளைகுடாவில் ஒரு டேங்கில் நான் பார்த்தேன். கான்ட்ராக்டர் தாராளமாகக் கனம் ஏற்றிவிட்டார். முதலில் பளபளவென்று இருந்தது. சில வருடம் கழித்து வெல்டிங் தையலின் ஓரமாக விரிந்து, அப்பளம் மாதிரி சில்லுச் சில்லாக வந்தது. சில்லை எடுத்து வளைத்தால் படக்கென்று உடைந்தது. அடியில் எபாக்சி அப்படியே நன்றாக இருந்தது.

செல்வி_சோல்ஜெல்:

வெயிலுக்குக் காரணம் பிணைப்பு வலு. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 450 கிலோஜூல் வேண்டும், கார்பன்–கார்பனுக்கு 350 போதும். தவிர, சிலிக்கான் ஏற்கெனவே ஆக்சிஜனோடு கைகோத்து நிற்பது. அதை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்ய ஒன்றும் இல்லை.

அண்ணன் சொன்ன அப்பளக் கதைக்கும் காரணம் உண்டு. பூச்சு காய்ந்த பிறகும் மீதமிருக்கும் எத்தாக்சி போன்ற ஆல்காக்சி, காற்று ஈரத்தில் மெல்ல மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். வலை இறுகும், சுருங்கும், உள்ளிழுவிசை ஏறும். கனமாக இருந்தால் அந்த விசை ஒட்டுதலை மிஞ்சிவிடும். தகடுமணி கவனிக்க வேண்டிய இடம் இது.

முதலாண்டு_முனைவர்:

மேடம், கீறல் ஓரத்தில் உரிவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே? நான் இப்போதுதான் இந்தத் துறைக்குள் வந்திருக்கிறேன். சிலிக்கான்–ஆக்சிஜன்–இரும்பு என்று சகப்பிணைப்பு விழுகிறது, அதனால் ஒட்டுதல் பிரமாதம் என்றுதான் எல்லாக் கட்டுரையும் தொடங்குகிறது.

செல்வி_சோல்ஜெல்:

தொடங்குவது சரிதான், முடிவையும் படியுங்கள் தம்பி. அந்தப் பிணைப்பு தண்ணீரால் உருவாகிறது, தண்ணீராலேயே பிரியவும் செய்யும். காரம் இருந்தால் இன்னும் வேகமாக.

கீறலில் நடப்பது இது. கீறலின் நடுவில் இரும்பு கரைகிறது. அங்கே வெளிவரும் எலக்ட்ரானைப் பக்கத்தில் படலத்துக்கு அடியில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. அதன் விளைவு ஹைட்ராக்சைடு. அந்த மெல்லிய இடுக்கில் பி.எச். 12-க்கு மேலும் ஏறும். சிலிக்காவுக்குக் காரம் ஆகாது. பிணைப்பு அறும், படலம் தூக்கும், புதிய இரும்பு வெளிப்படும், அங்கே இதே கதை தொடரும். இதனால்தான் படலம் கீறலிலிருந்து பக்கவாட்டில் உரிந்துகொண்டே போகிறது.

படலத்தைக் கனமாக்கி இதை நிறுத்த முடியாது. கீறலுக்குள் போய் வேலை செய்கிற ஏதாவது வேண்டும். குரோமேட் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. கரைந்து, நகர்ந்து, கீறலில் போய் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் புற்றுநோய் தரும் பொருள் என்று தெரிந்த பிறகும் விமானத் துறை அதை விட முடியாமல் தவித்தது.

முதலாண்டு_முனைவர்:

சீரியம் நைட்ரேட் போட்டால்?

செல்வி_சோல்ஜெல்:

போடலாம். காரம் ஏறுகிற இடத்தில் சீரியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து அந்த இடத்தை மூடும். செம்பு கலந்த, 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவையில் நல்ல பலன், இரும்பில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் கை தாராளம் கூடாது. அது கரையும் உப்பு. அதிகமானால் வலையைத் தளர்த்தும், வெளியிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும், கொப்புளம் வரும். அதனால்தான் ஹாலோசைட் என்ற நுண்குழாய்க் களிமண், ஹைட்ரோடால்சைட் என்ற அடுக்குக் கனிமம் என்று எதிலாவது அடைத்துப் போடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு அழகான வழி. தகடுமணியின் பெட்டி விலைக்குக் கட்டுமா என்பது சந்தேகம்.

போயிங் 1990-களில் செய்த போஜெல்லைப் பாருங்கள். அதே ஜி.பி.டி.எம்.எஸ்., கூட சிர்கோனியம் புரோப்பாக்சைடு, அசிட்டிக் அமிலம், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கனம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அரிப்பைத் தடுக்கிற பொறுப்பை அதன் மேல் அவர்கள் சுமத்தவே இல்லை. உலோகத்தையும் பிரைமரையும் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அரிப்புத் தடுப்பான் எல்லாம் பிரைமரில். என் கருத்தும் அதுதான்: எம்.எஸ்.ஸில் தனியாக நிற்கிற சிலேன் பூச்சு என்ற ஆசையை விடுங்கள். அரை மைக்ரானில் ஒரு பாலம் போட்டு அதன் மேல் எபாக்சி பிரைமரை உட்காரவையுங்கள்.

கோவை பிளேட்டிங்:

மேடம் சொல்வதில் எனக்கு ஒரு வித்தியாசம். நான் போல்ட் நட்டுக்கு ஜிங்க் பிளேட்டிங் போடுகிற கடை வைத்திருக்கிறேன். ஹெக்ஸ் குரோமை விட்டு டிரைவேலன்ட், அதாவது குரோமியம் மூன்று, பேசிவேஷனுக்கு மாறி, அதன் மேல் சிலேன்–சிலிகேட் சீலர் முக்கி எடுக்கிறோம். மேலே பெயின்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜிங்க்கில் வெள்ளைத் துரு வருகிற நேரம் நன்றாகவே தள்ளிப்போகிறது. ஆக, தனியாக நிற்காது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் தொட்டியின் பாடு எனக்குத்தான் தெரியும். முதல் நாள் தண்ணீராக இருப்பது சில வாரத்தில் பால் மாதிரி கலங்கும், அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி படியும். முந்தைய தொட்டி அமிலம் சொட்டிக்கொண்டே வந்தால் இன்னும் சீக்கிரம். நடுவில் இரண்டு கழுவல் தொட்டி வைத்த பிறகுதான் கட்டுக்குள் வந்தது. எந்த டெக்னிக்கல் ஷீட்டிலும் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

செல்வி_சோல்ஜெல்:

உங்களுடையது நிற்பது, அடியில் ஜிங்க்கும் குரோமியம் மூன்றும் இருப்பதால். பாம்பன் கதைதான் அதுவும். வெறும் எம்.எஸ்.ஸில் அந்தச் சீலரை முக்கிப் பாருங்கள்.

கோவை பிளேட்டிங்:

பார்த்தாயிற்று, சாயங்காலத்துக்குள் சிவப்பு. சரி, அந்த வகையில் ஒத்துக்கொள்கிறேன்.

தகடுமணி:

இங்கே சொன்னதை வைத்துச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். அசிட்டோனை விட்டுவிட்டுச் சூடான காரக் கழுவலுக்கு மாறினேன். கழுவிய தகட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் தண்ணீர் முழுத் தகட்டிலும் ஒரே படலமாக நின்று மெல்ல இறங்குகிறது. அசிட்டோன் துடைத்த தகட்டில் தண்ணீர் உடனே முத்து முத்தாகப் பிரிந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. நைட்ரிக்கை விட்டு அசிட்டிக், பி.எச். 5-க்குப் பக்கம். சிர்கோனியம் சேர்த்தேன். கரைசலை நன்றாக நீர்த்துக் கனத்தை ஒரு மைக்ரானுக்குக் கீழே இறக்கினேன். மஞ்சள் போய்விட்டது.

தனியாகச் சால்ட் ஸ்ப்ரேயில் வைத்தால் இன்னும் தோல்விதான். ஆனால் மேலே எபாக்சி பிரைமர் அடித்ததும் கீறல் ஓர உரிதல் வெகுவாகக் குறைந்துவிட்டது. பாஸ்பேட்–குரோமேட் தகட்டோடு பக்கத்தில் வைத்தால் இன்னும் ஒரு படி பின்னேதான். தண்ணீரில் ஊறவைத்து எடுத்துச் சதுரம் சதுரமாகக் கீறி டேப் ஒட்டி இழுத்தால் இரண்டும் சமம்.

செல்வி_சோல்ஜெல்:

பிரைமரில் அரிப்புத் தடுப்பானான ஜிங்க் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு படியை அங்கே பிடிக்கலாம். இன்னொன்று, இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குப் பூச்சு காட்டும் தடை, அளக்க வழி இருந்தால் அளங்கள். 0.01 ஹெர்ட்ஸில் முதல் நாள் எவ்வளவு இருந்தது என்பது பெரிய விஷயம் இல்லை, உப்புநீரில் நாள்பட எவ்வளவு விழுகிறது என்பதுதான். சில மணி நேரத்திலேயே நூறில் ஒன்றாகிவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

பழைய இன்ஸ்பெக்டர்:

சால்ட் ஸ்ப்ரேயைக் கட்டி அழ வேண்டாம் தம்பி. 35 டிகிரியில் 5 சதவீத உப்புத் தண்ணீரை ஓயாமல் தெளிக்கிற ஊர் உலகத்தில் எங்கேயும் இல்லை. வெளியே வெயில் அடிக்கும், காயும், ராத்திரி பனி இறங்கும். கடல்சார் வேலைக்கு ஐ.எஸ்.ஓ. 12944-ன் ஒன்பதாம் பகுதியில் வாரச் சுற்று வைத்திருக்கிறார்கள்: மூன்று நாள் புறஊதாவும் ஈரமும், மூன்று நாள் உப்பு, ஒரு நாள் மைனஸ் 20. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் மைனஸ் 20 எதற்கு என்று கேட்காதே, வாங்குகிறவன் கேட்டால் செய்துதான் ஆக வேண்டும். உன்னிடம் வசதி இல்லையென்றால் தகடுகளைக் கடலோரத்தில் ஒரு சட்டத்தில் மாட்டிவிடு.

ராம்நாட்_ரவி:

மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் அரிப்புச் சோதனை நிலையமே இருக்கிறது. இந்தியாவில் உலோகத்தைக் கடுமையாகத் தின்கிற இடங்களில் ஒன்று என்பதால்தான் அங்கே வைத்தார்கள். கேட்டுப் பாருங்கள். ஒரு சந்தேகம், இந்தச் சிலேனை வீடு கட்டுகிற கம்பிக்குப் போடலாமா?

செல்வி_சோல்ஜெல்:

கம்பிக்கு வேண்டாம் ரவி. கான்கிரீட்டுக்குள் பி.எச். 12.5-க்கு மேல். மேலே சொன்ன காரக் கதை அங்கே முதல் நாளே தொடங்கிவிடும்.

தகடுமணி:

இப்போது 50 லிட்டர் அளவில் செய்யச் சொல்கிறார்கள். தண்ணீர் சார்ந்தது, கரைப்பான் மிகக் குறைவு என்று லேபிளில் போடலாம் என்று விற்பனைப் பிரிவு குதிக்கிறது.

செல்வி_சோல்ஜெல்:

லேபிளுக்கு முன்னால் கணக்குப் போடுங்கள். ஜி.பி.டி.எம்.எஸ். மூலக்கூறு எடை 236, ஒவ்வொன்றும் மூன்று மெத்தனால் விடும். முழுவதும் வினைபுரிந்தால் கிலோவுக்கு 400 கிராம் மெத்தனால். டியோஸ் கிலோவுக்கு 880 கிராம் எத்தனால். நீங்கள் கரைப்பானே ஊற்றாவிட்டாலும் அது உள்ளேயிருந்து வரும், பெரும்பகுதி உங்கள் ஓவனுக்குள் ஆவியாகும். ஆய்வகத்தில் நாலு தகட்டுக்குத் தெரியாது. 50 லிட்டரில் தெரியும். ஓவனுக்கு எக்ஸாஸ்ட் இருக்கிறதா, அதன் மோட்டார் தீப்பொறி விடாத வகையா என்று பாருங்கள். மெத்தாக்சிக்குப் பதில் எத்தாக்சி வகை கிளைசிடாக்சி சிலேனும் கிடைக்கும். வினை கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் மெத்தனால் வராது.

சிலேனை ஒரு கேனிலும் தண்ணீர்–அமிலத்தை இன்னொரு கேனிலும் தனித்தனியாகக் கொடுங்கள், அவர்களே கலந்துகொள்ளட்டும். சிலேன் கேனில் ஈரம் புகக் கூடாது. ஊற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஜி.பி.டி.எம்.எஸ். கண்ணில் பட்டால் பெரிய கேடு.

கோவை பிளேட்டிங்:

கலக்கும்போது சூடு ஏறும், தண்ணீரை மொத்தமாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். கலந்த தேதியை டிரம்மில் மார்க்கரால் எழுதவும் சொல்லுங்கள். எங்கள் கடையில் யாரும் எழுதுவதில்லை, அப்புறம் கஞ்சி ஆன பிறகு சண்டை.